ஸ்டாண்டப் நீள்கிறது, வேலை முடிவதில்லை: அஜைல் நடைமுறையை எப்போது மாற்றுவது, எப்போது பிடித்துக்கொள்வது

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த, அல்லது உதவிக்கு அழைக்கப்பட்டுப் போன மென்பொருள் அணிகள் பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்டவை. வாடிக்கையாளர் லண்டனிலோ ஒஸ்லோவிலோ கொழும்பிலோ இருப்பார். அணியில் பாதிப்பேர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து இரண்டு வருடம் ஆகாதவர்கள். அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் முறை; ஸ்க்ரம் அதன் பரவலான வடிவம். அந்த முறையில் நடக்கும் அணியொன்றில் வேலை சிக்கும்போது இரண்டு குரல்கள் எழும். “இந்த ஸ்க்ரம் எங்களுக்குச் சரிவராது, விட்டிடுவம்” என்பது ஒன்று. “சொன்ன மாதிரி ஒழுங்காச் செய்யேல்லை, அதுதான் பிரச்சினை” என்பது மற்றது. இரண்டுமே நோயைப் பார்க்காமல் மருந்தைப் பற்றி வாதாடுகின்றன. ஆகவே இந்த வழிமுறையை அணிக்குள் தென்படும் அறிகுறிகளின் வழியே அமைத்திருக்கிறேன். உங்கள் அணியில் காண்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம்.

போகுமுன் ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற நினைக்கும் நடைமுறை எந்தத் தேவைக்காக வந்தது, அந்தத் தேவை எங்களிடம் இன்னும் இருக்கிறதா? தேவை இல்லையென்றால் நடைமுறையைக் கைவிடலாம். தேவை இருந்து, அதை வேறு வழியிலும் நிறைவேற்ற முடியுமானால் மாற்றலாம். தேவையும் இருக்கிறது, வேறு வழியும் தெரியவில்லை, ஆனால் செய்வதற்குச் சங்கடமாக இருக்கிறது என்பது மட்டுமே காரணமென்றால் அதில் கைவைக்கக்கூடாது. அந்தச் சங்கடம் பெரும்பாலும் அந்த நடைமுறை வெளியே கொண்டுவந்து காட்டுகின்ற வேறொரு பழுதினால் வருவது.

மாற்றுவதற்கு அனுமதி உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டில் கூடிய 17 பேரின் அஜைல் பிரகடனத்தோடு சேர்ந்த 12 கோட்பாடுகளில் கடைசியானது, அணி குறித்த இடைவெளிகளில் தன்னைத் திரும்பிப் பார்த்துத் தன் நடத்தையைச் சீர்செய்ய வேண்டும் என்கிறது. மறுபுறம், ஸ்க்ரத்தை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 நவம்பர்ப் பதிப்பு, ஸ்க்ரத்தின் சில பகுதிகளை மட்டும் எடுத்துச் செய்யலாம், ஆனால் அவ்வாறு செய்வது ஸ்க்ரம் ஆகாது என்கிறது. முரண்போலத் தோன்றினாலும், அந்த வழிகாட்டி 13 பக்கங்களே உள்ள சிறிய ஆவணம் என்பதை நினைவிற் கொண்டால் சிக்கல் அவிழும். ஸ்டோரி பொயின்ட் (வேலையின் பருமனுக்கு இடும் புள்ளி), யூசர் ஸ்டோரி (பயனரின் பார்வையில் எழுதும் தேவை), பிளானிங் போக்கர் (சீட்டுக் காட்டிப் புள்ளியிடும் முறை), நின்றுகொண்டுதான் கதைக்க வேண்டும் என்ற விதி ஆகிய எதையும் அது கேட்பதில்லை. நாம் ஸ்க்ரம் என்று எண்ணிச் சுமப்பவற்றில் கணிசமான பகுதி பிறர் சேர்த்தது. அதை மாற்ற எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

அறிகுறி: ஸ்டாண்டப் அரை மணித்தியாலம் நீள்கிறது, அல்லது எல்லோரும் ஒப்புவிக்கிறார்கள்

ஸ்டாண்டப் என்பது அணி நாளாந்தம் கூடும் சிறு கூட்டம். முதலில் பார்க்க வேண்டியது, பேசுபவர்கள் யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதை. எல்லாக் கண்களும் அணித் தலைவரின் மேலேயே நின்றால், அது அணியின் கூட்டமாக இல்லாமல் மேலிடத்துக்கு அறிக்கை கொடுக்கும் கூட்டமாகிவிட்டது.

எங்கள் அணியில் ஓர் இளம் பொறியியலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை, “நேற்று லொகின் பக்கம் செய்தனான் அண்ணா, இண்டைக்கும் அதைத்தான் பார்ப்பன், தடை ஒண்டும் இல்லை” என்றார். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாளும் சொற்கள் மாறவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் தற்செயலாக அணியின் பலகையை (எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நிரல் நிரலாகக் காட்டும் திரை) திறந்து பார்த்தபோது, அவருடைய டிக்கெட் (ஒரு வேலைக்கான அட்டை) திங்கள் மாலையிலிருந்து ரிவியூ நிரலிலேயே கிடந்தது தெரிந்தது. அவர் எழுதிய கோட் வரிகளைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டியவன் நான். தம்பி அதைத் தடை என்று ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை: தடை என்று சொன்னால் அது எல்லோர் முன்னாலும் அண்ணாவைக் குற்றம் சொன்னதாகிவிடும். அதே கிழமையில்தான் ஸ்டாண்டப்பால் பயனில்லை, அதை நிறுத்திவிடலாம் என்று அணியில் கதை எழுந்திருந்தது. நிறுத்தியிருந்தால் அந்த நான்கு நாட்களும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இங்கே பிடித்துக்கொள்ள வேண்டியது 15 நிமிட எல்லையும், நாளாந்தம் ஒருவரையொருவர் பார்ப்பதும். மாற்ற வேண்டியது பேசும் முறை. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகள் வழிகாட்டியிலிருந்தே 2020இல் எடுக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலாகப் பலகையின் வலப்பக்க நிரலிலிருந்து தொடங்குங்கள். முடிவுக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட்டை முதலில் எடுத்து, “இது முடிய என்ன வேணும்?” என்று கேளுங்கள். ஆளைக் கேட்காமல் வேலையைக் கேட்கும்போது, மூத்தவரைச் சுட்டிக்காட்ட வேண்டிய சங்கடம் இளையவருக்கு இல்லாமற் போகிறது. நான்கு நாட்களாக அசையாத டிக்கெட் தானாகவே கண்ணில் படும். விரித்துப் பேச வேண்டிய தொழில்நுட்ப விடயம் வந்தால், தொடர்புடைய இருவர் பின்னர் தனியே இருந்து கதைக்கட்டும்.

நேரம் குறித்து இன்னொன்று. வாடிக்கையாளரின் வசதிக்காக லண்டன் காலை 9 மணிக்கு ஸ்டாண்டப் வைக்கும் அணிகள் இங்கு உண்டு. அது எங்களுக்குக் கோடைகாலத்தில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அதற்குள் வேலைநாளின் பாதி போய்விடும். காலையில் தெரிந்திருக்க வேண்டிய தடை பிற்பகலில் தெரியவரும். ஸ்டாண்டப் வேலை செய்பவர்கள் அன்றைய நாளைத் திட்டமிடுவதற்கானது என்பதால், அதை உள்ளூர்க் காலையில் வைத்துவிட்டு, வாடிக்கையாளரோடு பேசுவதற்கு வேறு நேரத்தை ஒதுக்குவதே சரி.

அறிகுறி: ஸ்பிரிண்ட் முடியும்போது பாதி வேலை அடுத்ததற்குத் தள்ளப்படுகிறது

ஸ்பிரிண்ட் என்பது வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் குறித்த காலச் சுற்று. இதைக் கண்டதும் அதை இரண்டு கிழமையிலிருந்து மூன்றாகவோ நான்காகவோ நீட்டலாமா என்று கேட்பார்கள். நீட்டினால் அறிகுறி குறைவான தடவைகள் தெரியும், பழுது அப்படியே இருக்கும்.

பலகையில் ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் திறந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டின்படி, ஒரு வேலை உள்ளே வந்து வெளியேற எடுக்கும் சராசரிக் காலம், உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடிந்து வெளியேறும் வேகத்தால் வகுத்தால் வருவது. 12 டிக்கெட் திறந்திருந்து, கிழமைக்கு 3 முடியும் அணியில் ஒவ்வொன்றும் சராசரியாக 4 கிழமை எடுக்கும். அந்த அணி இரண்டு கிழமை ஸ்பிரிண்டில் முடிக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. கணக்கே அதற்கு இடங்கொடுக்கவில்லை. திறந்திருப்பதை 6 ஆகக் குறைத்தால், வேகம் மாறாவிட்டாலும், காலம் 2 கிழமையாகிறது. ஆகவே ஒருவர் புதியதை எடுக்குமுன், ரிவியூவிலோ டெஸ்டிங்கிலோ கிடப்பதை முடிக்க உதவ வேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்த்துப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுபோல முதல் இரண்டு கிழமையும் தோன்றும். அணித் தலைவர் பொறுமை காக்க வேண்டிய இடம் அது.

இரண்டாவதாக நாட்களை எண்ணுங்கள். இலங்கையில் மாதந்தோறும் போயா (பௌர்ணமி) விடுமுறை வரும். இரண்டு கிழமை ஸ்பிரிண்டின் பத்து வேலைநாள் ஒன்பதாகும். வெசாக்கில் இரண்டு நாள், சித்திரைப் புத்தாண்டில் இரண்டு நாள். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடக்கும். விடுமுறை என்று அறிவிக்கப்படாவிட்டாலும், தேருக்கும் தீர்த்தத்துக்கும் அணியில் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பதை இங்கு வாழும் எவரும் அறிவார். வெளிநாட்டு வாடிக்கையாளரின் நாட்காட்டியில் இவை எதுவும் இருக்காது. சென்ற ஸ்பிரிண்டின் வெலொசிட்டியை (முடித்த புள்ளிகளின் தொகையை) அப்படியே எடுத்து இந்த ஸ்பிரிண்டுக்கு வாக்குக் கொடுப்பதை விட்டு, இருக்கின்ற ஆள்நாட்களை முதலில் எழுதிவிட்டுப் பிறகு திட்டமிடுங்கள்.

இவ்விரண்டையும் சரிசெய்த பின்னரும் தள்ளுவது குறையவில்லையென்றால், ஸ்பிரிண்ட் என்ற வடிவமே உங்கள் வேலைக்குப் பொருந்தாமல் இருக்கலாம். கடைசி மூன்று ஸ்பிரிண்டுகளில் முடித்தவற்றை எடுத்து, அவற்றில் எத்தனை திட்டமிடும் நாளிலேயே தெரிந்திருந்தன என்று பாருங்கள். பாதிக்கும் குறைவென்றால், உங்களுடையது வருவதை வந்தவுடன் கவனிக்கும் பராமரிப்பு வேலை. பாதி என்ற அளவு என் அனுபவத்தில் வைத்துக்கொண்டதுதான். ஆனால் அதற்குக் கீழே இருந்த எந்த அணியிலும் ஸ்பிரிண்ட் இலக்கு என்பது பெயருக்கு மேல் இருந்ததை நான் காணவில்லை. அத்தகைய அணி கன்பானுக்கு மாறுவது நல்ல மாற்றம். வேலை தொடர்ச்சியாக ஓடும், திறந்திருப்பதற்கு எல்லை இருக்கும், டெமோவும் (செய்ததை வாடிக்கையாளருக்குக் காட்டும் கூட்டம்) ரெட்ரோவும் (அணி தன் வேலைமுறையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) நாட்காட்டியின்படி தொடரும்.

அறிகுறி: வெலொசிட்டி ஏறுகிறது, வாடிக்கையாளருக்குக் கிடைப்பது ஏறவில்லை

புள்ளி யாரோ ஒருவருடைய மதிப்பீட்டுக்கு அளவுகோலாகிவிட்டது. முகாமையாளர் இரு அணிகளின் புள்ளிகளை ஒப்பிட்டிருப்பார். சென்ற மாதம் 3 ஆக இருந்த வேலை இம்மாதம் 5 ஆகியிருக்கும். ஸ்டோரி பொயின்டைத் தானே உருவாக்கியிருக்கக்கூடும் என்று சொல்லும் ரொன் ஜெஃப்ரீஸ், அதற்காக வருந்துவதாக 2019இல் எழுதியிருக்கிறார். தயங்காமல் விட்டுவிடலாம். வேலைகளை ஓரளவு ஒத்த சிறு துண்டுகளாக வெட்டி, கிழமைக்கு எத்தனை முடிகின்றன என்று எண்ணினாற் போதும். வெட்டுவதற்காகக் கூடிக் கதைக்கும் பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். புள்ளியிடும் கூட்டத்தில் பயன்தந்த பகுதி அதுதான்.

அறிகுறி: முடிந்தது என்று சொன்னது திரும்பத் திரும்ப வருகிறது

டன் (முடிந்தது) நிரலுக்குப் போன டிக்கெட் பக் (பிழை) ஆகத் திரும்பினால், எதையும் மாற்றுவதற்கு முன் டன் என்றால் என்ன என்று அணியில் மூன்று பேரைத் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் கோட் எழுதியாயிற்று என்பார், ஒருவர் மெர்ஜ் (அணியின் பொதுத் தொகுப்போடு சேர்ப்பது) ஆயிற்று என்பார், மற்றவர் டெஸ்டிங் முடிந்தது என்பார். மூன்று விடைகள் வந்தால் பழுது கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ரிலீஸ் நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது கோட் ரிவியூவும் தானியங்கிச் சோதனையும். “இந்த முறை மட்டும், ரிலீசுக்குப் பிறகு எழுதுவம்” என்று சொல்லப்பட்ட சோதனை பிறகு எழுதப்பட்டதை நான் கண்டது மிக அரிது. நெருக்கடியில் குறைக்கத்தக்கது வேலையின் பரப்பு. பத்து அம்சங்களில் ஆறைக் கொடுக்கலாம், அந்த ஆறும் முழுதாக முடிந்தவையாக இருக்க வேண்டும். பிரகடனத்தின் கோட்பாடுகளுள் ஒன்று, தொழில்நுட்பச் சிறப்பிலும் நல்ல வடிவமைப்பிலும் இடையறாத கவனமே அணியின் வளைந்துகொடுக்கும் ஆற்றலைக் கூட்டுகிறது என்கிறது. கென்ட் பெக் 1990களில் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறையில் சோதனை, தொடர் ஒருங்கிணைப்பு (எழுதியதை அடிக்கடி ஒன்றுசேர்த்துச் சோதிப்பது), இணைந்து கோட் எழுதுதல் ஆகியவை நடுவில் இருந்தன. எங்களூரில் அஜைல் வந்தபோது கூட்டங்கள் வந்தன, இவை பல இடங்களில் வரவில்லை. கூட்டங்களை எப்படி மாற்றினாலும் இவை இல்லாத அணிக்கு வேகம் வராது.

அறிகுறி: ரெட்ரோவில் யாரும் பேசுவதில்லை

அணித் தலைவர் பலருக்கு அதே பல்கலைக்கழகத்தில் முன்னே படித்த மூத்த மாணவர். அலுவலகத்துக்கு வெளியிலும் அவர் அண்ணா அல்லது அக்கா. அவர் முன்னிலையில் “என்ன சரியில்லை?” என்று கேட்டால், “எல்லாம் ஓகே அண்ணா” என்ற விடைதான் வரும். அந்த மரியாதை நல்லது, நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாயால் கேட்டுப் பெறும் வடிவம் அந்த மரியாதையோடு மோதுகிறது. ஆகவே வடிவத்தை மாற்றுங்கள்.

பத்து நிமிடம் எல்லோரும் சிறு தாள்களில் பெயரின்றி எழுதட்டும். தாள்களைக் கலந்து, எழுதியவர் அல்லாத ஒருவர் வாசிக்கட்டும். அணித் தலைவர் கடைசியாகவே பேச வேண்டும். விளக்கம் சொல்ல வாய் துடிக்கும்போதுதான் அவர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். முடிவில் ஒரேயொரு செயலைத் தெரிந்து, பெயரும் நாளும் இட்டு அடுத்த ஸ்பிரிண்டின் பேக்லொக்கில் (செய்ய வேண்டியவற்றின் பட்டியலில்) மற்ற வேலைகளோடு சேர்த்து வையுங்கள். ஏழு தீர்மானங்கள் எடுத்து எதுவும் நடக்காத ரெட்ரோ இரண்டு நடந்தால், மூன்றாவதில் தாள்களும் வெறுமையாகவே வரும்.

ஒரு ரிலீசின் அழுத்தத்தில் மூன்று மாதம் ரெட்ரோவை நிறுத்தி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணித்தியாலம் மிச்சம் என்று எண்ணினேன். மீண்டும் தொடங்கிய அன்று வந்த தாள்களில் நான்கு ஒரே விடயத்தைச் சொல்லின: டெஸ்ட் சேர்வர் நாளுக்கு இரண்டு தடவை விழுகிறது, எழுப்ப இருபது நிமிடம் எடுக்கிறது. மூன்று மாதமாக ஐந்து பேர் அதைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். திருத்துவதற்கு அரை நாள்தான் எடுத்தது. வேறு எதை மாற்றினாலும் ரெட்ரோவை நிறுத்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது அதனாற்றான். மற்ற எல்லா மாற்றங்களுக்கும் வாசல் அது ஒன்றே.

அறிகுறி: கேட்ட கேள்விக்கு வாடிக்கையாளரிடமிருந்து விடை வருவதில்லை, அணி ஊகித்துச் செய்கிறது

புரொடக்ட் ஓனர் (எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்) என்று பெயரிடப்பட்டவர் டெமோவுக்கு மட்டும் வருகிறார். இடையில் எழும் ஐயங்களுக்கு அணித் தலைவரே விடை சொல்லிவிடுகிறார். இதைக் கூட்டங்களை மாற்றித் தீர்க்க முடியாது. முடிவெடுக்க அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும் என்ற விதியை விடாமல், கிழமைக்கு இரண்டு தடவை அரை மணித்தியாலம் அவரிடம் கேட்டுப் பெறுங்கள். ஊகித்துச் செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைத்து அந்த அரை மணித்தியாலத்தில் வாசித்துக் காட்டுங்கள். பட்டியல் நீண்டிருப்பதைக் கண்டவர்கள் பெரும்பாலும் கூடுதல் நேரம் தருகிறார்கள்.

அறிகுறி: வெளியிலிருந்து வரும் இடையூறு ஒழுங்கைக் குலைக்கிறது

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. எரிபொருள் இல்லாமல் அலுவலகம் வருவதும் கடினம். கோண்டாவிலில் இருப்பவருக்கு மின்சாரம் இருக்கும் நேரத்தில் கொக்குவிலில் இருப்பவருக்கு இருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவது என்ற தேவையை அன்று நிறைவேற்றவே முடியவில்லை. ஸ்டாண்டப்பை எழுத்துக்கு மாற்றினோம்: மின்சாரம் வந்ததும் ஒவ்வொருவரும் குழுவில் நான்கு வரி எழுதுவார், அடுத்து இணைபவர் அதை வாசித்துவிட்டுத் தொடங்குவார். ஸ்பிரிண்டை ஒரு கிழமையாகச் சுருக்கினோம், ஏனெனில் ஒரு கிழமைக்கு அப்பால் என்ன நடக்குமென்று எவராலும் சொல்ல முடியவில்லை. ரிவியூ இல்லாமல் மெர்ஜ் இல்லை என்பதை மட்டும் ஒரு நாளும் தளர்த்தவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் இருட்டுக்குப் பிறகு தொடர வேண்டியிருந்ததால் அந்த விதியின் தேவை முன்னெப்போதையும்விடக் கூடியிருந்தது. மழைக்காலத்தில் இணைப்பு அறுகின்ற நாட்களுக்கு அந்த நான்கு வரிப் பழக்கத்தை இன்றும் வைத்திருக்கிறோம். ஒரு கிழமை ஸ்பிரிண்டை மின்சாரம் சீரானதும் கைவிட்டோம்.

அறிகுறி: புதியவர்கள் சேர்ந்த பின் எல்லாம் மந்தமாகிறது

பிந்திய திட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் பிந்தச்செய்யும் என்று கணினியியலாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியது இதைப் பற்றியதே. புதியவர்கள் வந்த முதல் மூன்று மாதத்தில் நடைமுறைகளை மாற்றாதீர்கள். யப்பானியத் தற்காப்புக் கலையில் ஷு, ஹா, ரி என்று மூன்று படிகள் உண்டு: விதியைப் பின்பற்றுவது, விதியை விலக்கிப் பார்ப்பது, விதியைக் கடந்துபோவது. அஜைல் பிரகடனத்தை எழுதியவர்களுள் ஒருவரான அலிஸ்டயர் கொக்பேர்ன் அதை மென்பொருள் உலகுக்கு எடுத்துவந்தார். முதற்படியில் நிற்பவர் மூன்றாம் படியில் நிற்பவரின் சுருக்கங்களைப் பார்த்து அதுவே முறை என்று கற்றுக்கொண்டால், அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் இருந்த காரணம் அணியிலிருந்து மறைந்துபோகும்.

மாற்றுவது என்று முடிவான பின்

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. எங்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நிரல்: எதை மாற்றினோம், என்ன தெரியவரும் என்று எதிர்பார்க்கிறோம், எந்த நாளில் திரும்பிப் பார்ப்போம். எதிர்பார்ப்பைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக எழுத வேண்டும். “ஸ்டாண்டப் நல்லா இருக்கும்” என்று எழுதினால் அந்த நாள் வரும்போது எதையும் சொல்ல முடியாது; “ரிவியூவில் இரண்டு நாளுக்கு மேல் எந்த டிக்கெட்டும் நிற்காது” என்று எழுதினால் பலகையைத் திறந்ததும் விடை தெரியும். குறித்த நாளில் எதிர்பார்த்தது நடக்காவிட்டால், வாதாடாமல் பழைய முறைக்குத் திரும்பி, அந்த வரியைக் கோடிட்டு வெட்டிவிடுவோம். வெட்டிய வரிகளை அழிப்பதில்லை. ஏன் இப்படிச் செய்கிறோம் என்று புதிதாக வரும் தம்பியோ தங்கச்சியோ கேட்டால், முதலில் அந்தத் தாளின் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறோம்.